முட்டி இடிக்கிற காலோடு பத்து மணி நேரம் நிற்பது எப்படி

எனக்கு முட்டி ரெண்டும் ஒட்டும், கணுக்கால் ரெண்டும் சேராது. நடுவில் 9 செ.மீ. இடைவெளி; தையல் டேப் வைத்து நானே அளந்தது. வயது 41. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் புடவைக் கடைகளில் 14 வருஷமாக நிற்கிறேன்.

முதலில், காலை நிமிர்த்தப் பார்ப்பதை விடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு முட்டி இடிப்பது சகஜம், பெரும்பாலும் 7, 8 வயதுக்குள் தானே நேராகிவிடும். எலும்பு வளர்ந்து முடிந்த பிறகு எந்தப் பயிற்சியும் அதன் கோணத்தை மாற்றாது. இது தெரியாமல் ஏதோ வீடியோ பார்த்து, முட்டிக்கு நடுவே தலையணை வைத்து, கணுக்காலைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு இரண்டு மாதம் தூங்கினேன். கால் மரத்ததுதான் மிச்சம். கால் கட்டியிருப்பதை மறந்து எழுந்து பீரோ மேலேயே விழுந்ததை வீட்டுக்காரர் இன்னமும் சொல்லிச் சிரிப்பார்.

பிறகுதான் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போனேன். நிற்கவைத்து, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை எக்ஸ்ரே எடுத்தார்கள். நின்றால்தான் பாரம் எங்கே விழுகிறதென்று தெரியும். எனக்கு முட்டியின் வெளிப்பக்கம் விழுகிறது. பிசியோதெரபி பார்த்த பெண் சொன்னது மனசில் நின்றுவிட்டது: "வலி முட்டில, வேலை இடுப்புலக்கா."

அந்த இடுப்பு வேலை இதுதான். ஒருக்களித்துப் படுத்து மேல் காலை மடக்காமல் தூக்குங்கள். விரல் கூரையைப் பார்த்தால் தப்பு, முன்னால் பார்க்கணும். பத்துப் பத்தாக மூன்று முறை. அடுத்தது, நாற்காலியில் உட்கார்ந்து முட்டிக்குக் கொஞ்சம் மேலே துப்பட்டாவைக் கட்டி (கட்ட வேண்டிய இடம் இதுதான்!) ரெண்டு முட்டியையும் வெளியே தள்ளி 5 விநாடி பிடிப்பது. பழகியதும் அப்படித் தள்ளியபடியே எழுந்து உட்காருங்கள். எழும்போது முட்டி உள்ளே சாயும், நமக்குத் தெரியாது. கண்ணாடி வேண்டும். நான் கடை திறந்ததும் வாடிக்கையாளர் வருவதற்குள் ஆளுயரக் கண்ணாடி முன்னால் செய்துவிடுவேன். சாயங்கால வலி குறைய மூன்று மாதம் ஆனது.

செருப்பைத் திருப்பிப் பாருங்கள். எனக்கு உள்பக்கம்தான் தேயும், பாதமும் தட்டை. ரப்பர் செருப்பை விட்டுவிட்டு, பாத வளைவைத் தாங்குகிற, பின்னால் வார் வைத்த செருப்புக்கு மாறினேன்.

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில் இரண்டாவது மாடி. ஏறும்போது வலியில்லாத கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். தண்ணீர்க் குடத்தை எப்போதும் இடது இடுப்பிலேயே வைப்பேன், இடது முட்டிதான் அதிகம் வலிக்கும். இப்போது அரைக் குடம்தான், பக்கம் மாற்றி மாற்றி. எடை 5 கிலோ குறைந்ததும் மாடிப்படியில்தான் முதலில் தெரிந்தது.

கத்திரி வெயிலில் தொடை உரசிப் புண்ணாகும். பாவாடைக்குள் முட்டி வரைக்கும் பருத்தி ஷார்ட்ஸ் போடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, எங்கள் கடையில் பாதிப் பேர் போடுகிறோம்.

உட்காரக் கேட்கவும் வெட்கப்படாதீர்கள். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்தது. நான் முன்பு இருந்த கடையில் ஸ்டூல் இருந்தது, அதன்மேல் துணிக்கட்டு இருந்தது. இப்போதைய முதலாளியிடம் வேலைக்குச் சேரும்போதே கேட்டுவிட்டேன்.

ஒரு கால் மட்டும் புதிதாக வளைந்தாலோ, முட்டி வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது நழுவினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் போங்கள். எலும்பை நேராக்க ஆபரேஷன்தான் வழி: பெரும்பாலும் தொடை எலும்பை முட்டிக்கு மேலே வெட்டித் திருத்தி, பிளேட் வைப்பார்கள். பல வாரம் முழுப் பாரம் ஊன்ற முடியாது. வலி தாங்குகிற அளவில் இருப்பதால் டாக்டரும் அவசரப்படுத்தவில்லை. அத்தனை வாரம் சம்பளம் போனால் பையன் ஃபீஸ் யார் கட்டுவது? தீபாவளி கூட்டம் முடிந்ததும் அடுத்த எக்ஸ்ரே.