எர்த் பிளாட் மண்ணுக்குள்ள எங்க அறுந்துருக்குன்னு ரேடார்ல பாக்குறது

ராணிப்பேட்டை பக்கம் தோல் பேக்டரி ஏரியால எர்த்திங் வேலை பாத்தவங்களுக்கு தெரியும், மண்ணுல உப்பு ஏறிடுச்சுனா ஜிஐ பிளாட்ட (எர்த்துக்காக மண்ணுல புதைக்கிற, துத்தநாகம் பூசின இரும்புப் பட்டை) அரிச்சு தின்னுடும், மேல பாத்தா எர்த் குழி (பிட்) மூடி பெயின்ட்லாம் பளபளன்னு கீது. அத்த மொத்தமா தோண்டாம பாக்கத்தான் ஜிபிஆர், அதாவது தரைக்குள்ள பாக்குற ரேடார். (சப்ஸ்டேஷன் ஆளுங்ககிட்ட ஜிபிஆர்னா லைன்ல பால்ட் (கோளாறு) அப்போ எர்த் வோல்டேஜ் ஏறுறதுன்னு நெனைச்சுப்பாங்க, முதல்லயே சொல்லிடுங்க.)

சிக்கல் என்னன்னா பிளாட்ட திங்கிற அதே உப்புதான் ரேடார் கண்ணயும் மறைக்கும். பாலாத்து காஞ்ச மணல்ல ஜோரா தெரியும், உப்பு ஊறின ஈரக் களிமண்ல அரை மீட்டர் இறங்குறதே கஷ்டம். அதனால கத்திரி வெயில்லயே வெச்சுக்கோங்க, மழை பேஞ்ச மறுநாள் போனா வண்டி வாடகைதான் தண்டம். ஆன்டெனா 400 மெகாஹெர்ட்ஸ் போதும்.

ரைசர் (மேல இருக்குற மெஷின்ல இருந்து மண்ணுக்குள்ள பிளாட்டுக்கு போற பட்டை) இறங்குற இடத்துல ஆரம்பிங்க. அங்க மட்டும் தோண்டி ஆழத்த டேப்புல அளங்க. 60 செ.மீ ஆழம், ஸ்க்ரீன்ல சிக்னல் போயிட்டு வர 12 நானோசெகண்ட் காட்டுதுனா போக வர 120 செ.மீ, அப்போ வேகம் நானோசெகண்டுக்கு 10 செ.மீ, அத்த மெஷின்ல போட்டுட்டா மத்த இடத்துலயும் ஆழம் ஓரளவு சரியா வரும்.

அப்புறம் பிளாட் போற திசைக்கு குறுக்கால, அரை மீட்டருக்கு ஒரு லைன்னு ஓட்டுங்க. உலோகம் இருந்தா குடைய விரிச்சு வெச்சாப்ல ஒரு வளைவு வரும். லைனுக்கு லைன் அதே நேர்ல வந்துக்கினே இருந்து திடீர்னு காணோம்னா அங்க சாக்பீஸ்ல மார்க் பண்ணிட்டு 20 செ.மீக்கு ஒண்ணா திரும்ப ஓட்டுங்க. காணாமப் போனதெல்லாம் அறுந்ததுன்னு அர்த்தமில்ல, பிளாட் ஆழமா இறங்கிருக்கலாம், மேல கான்க்ரீட் கம்பி மறைக்கலாம், பிட்ட சுத்தி கொட்டின உப்பு கூட மறைக்கும். வளைவு வந்ததெல்லாம் பிளாட்டும் இல்ல, நான் ஒரு தடவ நாலடி தோண்டிட்டு பழைய தண்ணி பைப்ப பாத்துட்டு வந்தேன்.

போல்ட் லூசா இருக்குறதும் ஜாயின்ட் துரு புடிச்சதும் ரேடாருக்கு சுத்தமா தெரியாது, அது உருவத்த பாக்குமே தவிர ரெசிஸ்டன்ஸ பாக்காது. அதனால ரெண்டு ரைசருக்கு நடுவுல 10 ஆம்பியராவது டிசி விட்டு மைக்ரோ ஓம் மீட்டர்ல பாருங்க, ரீடிங்கும் எகிறுது வளைவும் காணோம்னா அங்கதான் தோண்டணும். லைன்ல சப்ளை இருக்கும்போது ரைசர் போல்ட்ட கழட்டவே கழட்டாதீங்க, எல்சி (லைன் கிளியர், சப்ளைய நிறுத்திட்டோம்னு குடுக்குற அனுமதி) வாங்கிட்டு செய்யுங்க. கேபிள் ட்ரெஞ்ச் பக்கத்துல இருந்தா கடப்பாறைய தூரமா வெச்சுட்டு மம்முட்டியால மெதுவா இறங்குங்க.