முதுகெலும்பில் சீழ் பிடித்து செப்சிஸ் ஆகும்போது: பணிநேர மருத்துவர்களுக்கான வழிகாட்டி

காய்ச்சலும் முதுகுவலியுமாக வரும் சர்க்கரை நோயாளிக்கு வலி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புவதற்கு முன், அவரது முதுகெலும்பை மேலிருந்து கீழாக மெல்லத் தட்டிப் பாருங்கள். ஏதேனும் ஓரிடத்தில் மட்டும் வலி பொறுக்க முடியாமல் அவர் துடித்தாலோ, படுத்திருந்தும் வலி தணியவில்லை என்றாலோ, தொற்று இருக்கிறது என்ற எண்ணத்துடனேயே மேற்கொண்டு செயல்பட வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடம் இந்த ஐயம் இன்னும் வலுவாக இருக்கட்டும். காய்ச்சல், முதுகுவலி, கால் பலவீனம் மூன்றும் பெரும்பாலானவர்களுக்கு ஒருசேர வருவதில்லை. மூன்றும் சேரும்வரை காத்திருந்தால், அதற்குள் தண்டுவடம் நசுங்கத் தொடங்கியிருக்கும்.

கால் கட்டைவிரலை மேல்நோக்கித் தூக்கச் சொல்லி எதிர்விசை கொடுத்துப் பாருங்கள். ஆசனவாயைச் சுற்றித் தொடுவுணர்வு இருக்கிறதா, சிறுநீர் கழித்த பிறகும் பையில் நீர் தேங்குகிறதா என்று சோதியுங்கள். கண்டதை நேரத்துடன் குறித்து வைத்தால்தான், அடுத்துப் பணிக்கு வருபவரால் பலவீனம் கூடியிருப்பதைக் கண்டுபிடிக்க முடியும்.

ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன் இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து பிளட் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துக் கண்டறியும் சோதனைக்கு) இரத்தம் எடுக்க வேண்டும். இரத்த அழுத்தம் சீராக இருந்து நரம்புக் குறைபாடும் இல்லாவிட்டால் மட்டுமே, பயாப்ஸி (திசுவை எடுத்துச் சோதிப்பது) முடியும்வரை மருந்தைத் தள்ளிவைக்கலாம். செப்சிஸ், அதாவது தொற்றால் உறுப்புகள் பழுதாகும் நிலை, முற்றி இரத்த அழுத்தம் சரியும் செப்டிக் ஷாக்கில் ஒரு மணி நேரத்திற்குள் மருந்து உள்ளே சென்றாக வேண்டும். இத்தொற்றுக்குப் பெரும்பாலும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா காரணம் என்பதால், வான்கோமைசினுடன் செஃப்ட்ரியாக்சோன் அல்லது செஃபிபீம் சேர்த்துத் தொடங்குவது வழக்கம். இரத்த அழுத்தம் சரிந்தாலோ, திசுக்களுக்கு இரத்தம் போதாததைக் காட்டும் லாக்டேட் உயர்ந்திருந்தாலோ, முதல் 3 மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மி.லி. வீதம், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 1,800 மி.லி. திரவம் ஏற்ற வேண்டும். இதயமோ சிறுநீரகமோ பழுதானவர்களுக்கு அடிக்கடி பரிசோதித்தபடி ஏற்றுங்கள். அதன் பிறகும் சராசரி தமனி அழுத்தம் 65 மி.மீ. பாதரசத்தை எட்டாவிட்டால், அழுத்தத்தை உயர்த்தும் நார் அட்ரினலின் தேவை. மைய நாளக் குழாய்க்காகக் காத்திராமல் கையிலுள்ள சிரையிலேயே அதைத் தொடங்கலாம்.

எக்ஸ்ரே முதல் சில வாரங்களில் இயல்பாகவே தெரியக்கூடும் என்பதால் அதை நம்பி ஆறுதல் அடையக் கூடாது. படத்தைத் தெளிவாக்கும் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி, முதுகெலும்பு முழுவதையும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், வலிக்கும் இடத்திலிருந்து வெகுதொலைவில் இன்னொரு சீழ்க்கட்டி மறைந்திருக்கலாம்.

பலவீனம் தோன்றினால், எலும்பு நிலைகுலைந்தால், மருந்து கொடுத்தும் செப்சிஸ் அடங்காவிட்டால் அறுவை சிகிச்சை அவசரமாகிறது. செப்சிஸைக் காரணம் காட்டி அதை ஒத்திப்போடுவது சரியல்ல என்பதே என் உறுதியான கருத்து. சீழை வெளியேற்றுவதும் செப்சிஸ் சிகிச்சைதான். கால்கள் முற்றிலும் செயலிழந்து 24 முதல் 36 மணி நேரம் கடந்துவிட்டால் மீளும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. பின்புறச் சீழ்க்கட்டிக்கு லாமினெக்டமி (முதுகெலும்பின் பின்புற எலும்புத் தகட்டை அகற்றுவது) போதுமானது. முன்புற எலும்பு அரித்துப்போயிருக்கும்போது அதை மட்டும் செய்தால் முதுகு மேலும் கூன் விழும். அழுகிய பகுதியை நீக்கி, திருகுகளும் கம்பிகளும் பொருத்தி நிலைப்படுத்த வேண்டும். எடுத்த சீழையும் திசுவையும் கல்ச்சருக்கும் திசு ஆய்வுக்கும் அனுப்புவதோடு, காசநோய் மிகுந்த இந்தியாவில் அதற்கான மரபணுச் சோதனைக்கும் தவறாமல் அனுப்புங்கள்.

சீழ்த் தொற்றுக்குக் குறைந்தது 6 வாரம் ஆன்டிபயாடிக் தொடர வேண்டும். காசநோய்க்கு மாதக்கணக்கில் மருந்து தேவைப்படும். இரத்தத்தில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்தால் இதய வால்வுகளை எக்கோவில் பார்த்துவிடுங்கள். வலியும், இரத்தத்தில் அழற்சியின் அளவைக் காட்டும் சி.ஆர்.பி.யும் வாரந்தோறும் குறைந்துவந்தால், எம்.ஆர்.ஐ. படம் மட்டும் மோசமாகத் தெரிகிறது என்பதற்காக மீண்டும் அறுவை சிகிச்சைக்கு அவசரப்பட வேண்டாம்.