ஜவுளிக்கடையில் மோர் கொடுப்பது எப்படி?

சாத்தூரில் எங்கள் ஜவுளிக்கடை சின்னது. கல்லாவில் நான், புடவைப் பக்கம் மூன்று பெண்கள், ரெடிமேடுக்கு ஒரு தம்பி, அவ்வளவுதான். பேப்பரில் முழுப்பக்க விளம்பரம் கொடுக்க நமக்குக் கட்டாது. ஆனால் வந்தவர்களை இன்னும் கொஞ்ச நேரம் நிம்மதியாக உட்காரவைக்க முடியும். வியாபாரம் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நடக்கிறது.

முதலில், நான் செய்த தப்பு. ஊர்ப் பெருமைக்காகத் தட்டில் காரச்சேவு வைத்தேன். கல்யாணப் பட்டு எடுக்க வந்த அத்தை ஒருவர் நாலு சேவைக் கொறித்துவிட்டு, அதே கையால் மாம்பழக் கலர் பட்டின் முந்தியைத் தடவிப் பார்த்தார். விரல் பட்ட இடமெல்லாம் எண்ணெய். அவரைக் குறை சொல்ல முடியுமா? தட்டை நீட்டியவன் நான்தானே. அந்தப் புடவையைக் கடைசியில் பாதி விலைக்குத் தள்ளினேன். எண்ணெய், நிறம், பிசுக்கு மூன்றும் புடவைப் பக்கம் வரவே கூடாது. ரோஸ் மில்க்கும் அப்படித்தான்.

இப்போது வெயில் காலத்தில் மோர். ஒரு லிட்டர் தயிருக்கு நாலு லிட்டர் தண்ணீர், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தட்டிப் போட்டு, உப்பு, பெருங்காயம் சேர்த்து வடிகட்டிவிட வேண்டும். கறிவேப்பிலை வாயில் மாட்டினால் துப்ப இடம் தேடுவார்கள். சின்ன டம்ளரில் ஐம்பது பேருக்கு வரும். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கும் தமிழ்நாட்டில் தடை வந்ததும் எவர்சில்வர் டம்ளருக்கு மாறினேன். கழுவுகிற வேலை கூடியது உண்மைதான். ஆனால் டம்ளரில் கொடுத்தால் வீட்டுக்கு வந்த மாதிரி உட்கார்ந்து குடிக்கிறார்கள். கப்பில் கொடுத்தால் நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்புகிறார்கள்.

யாருக்குக் கொடுப்பது? புடவை பார்க்கிற பெண்ணுக்கு அல்ல, கூட வந்தவருக்கு. வாசலில் செல்போனோடு நிற்கிற மாப்பிள்ளையோ மாமாவோ "இன்னுமா முடியல?" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், எடுக்கலாம் என்று தனியே வைத்த மூன்றாவது புடவை அலமாரிக்குத் திரும்பிவிடும். 2021இல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தபோது ஸ்டூல் வாங்கப் போனவன், மின்விசிறிக்கு அடியில் போட நாலு நாற்காலியும் சேர்த்து வாங்கினேன். மாமாக்கள் உட்கார்ந்த பிறகு அந்தக் குரல் குறைந்துவிட்டது.

"டீ சாப்பிடுறீங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். வேண்டாம் என்பார்கள். நம் ஊரில் முதல் 'வேண்டாம்' மரியாதைக்குச் சொல்வது. கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, "சர்க்கரை தனியா இருக்குண்ணே" என்று சொன்னால் போதும். பாதிப் பேருக்குச் சுகர் இருக்கிறது. கேட்டுச் சங்கடப்படுத்தாமல் அவர்களே போட்டுக்கொள்ளட்டும்.

நேரம் பார்ப்பதுதான் கஷ்டம். பத்துப் பதினைந்து புடவை விரித்து, அம்மா ஒன்று சொல்ல மகள் ஒன்று சொல்ல முகம் வாடும்போது டீ வரவேண்டும். பட்டுப் பக்கம் டீ குடிக்கும்போது விரித்ததையெல்லாம் இரண்டு முழம் தள்ளி வைத்துவிடுவோம். அந்த இடைவெளியில் அவர்களே பேசி முடிவுக்கு வருவார்கள். இரண்டு புடவையில் எது என்று வந்து நிற்கும்போது மட்டும் டம்ளரோடு போகாதீர்கள். கவனம் சிதறி, "யோசிச்சிட்டு வர்றோம்" என்று எழுந்துவிடுவார்கள். எங்கள் கடையில் எப்போது கொண்டுவர வேண்டும் என்று கண் காட்டுவது புடவை விரிக்கும் அக்காதான், நான் இல்லை.

கோவில்பட்டி கடலை மிட்டாய் கல்லாவில் இருக்கும். பக்கத்து ஊர்ச் சரக்கு, 2020இல் புவிசார் குறியீடும் வாங்கியது. பிள்ளைகளுக்கு அம்மாவைக் கேட்டுவிட்டு, கடையை விட்டு இறங்கும்போதுதான் கொடுப்போம். ஒன்றும் வாங்காமல் போகிறவர்களின் பிள்ளைக்கும் உண்டு. அங்கே கணக்குப் பார்த்தால் அது கொசுறு இல்லை, கூலி. இன்னொன்று, மீதிச் சில்லறைக்குப் பதிலாக மிட்டாயை நீட்டவே கூடாது. இரண்டு ரூபாயைப் பிடித்துக்கொண்டு கொடுத்த மிட்டாய் யாருக்கும் இனிக்காது.

செலவு? நூறு ரூபாய் விற்றால் ஒரு ரூபாய் என்று வைத்திருக்கிறேன். எதிர்த்த டீக்கடையில் தனி நோட்டு, சனிக்கிழமை கணக்கு முடிப்பேன். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் கூடும். ஆடித் தள்ளுபடியில் டீ கிடையாது, பானைத் தண்ணீரும் மோரும்தான்; அந்தக் கூட்டம் உட்கார வருவதில்லை. தீபாவளிக்கு முந்தைய மூன்று நாள் அதுவும் முடியாது, கடையில் கால் வைக்கவே இடம் இருக்காது. ஆனால் சாயங்காலம் நாலரை மணி டீ கடையில் வேலை செய்பவர்களுக்கு அன்றைக்கும் வந்துவிடும், வடையோடு. வடை மட்டும் பின்கட்டில்.