வாட்டர் ஹீட்டரை மாற்றும்போது பிளம்பிங் கோடில் தேறுவது எப்படி

பழைய ஹீட்டரைக் கழற்றி, அதே இடத்தில் அதே அளவில் புதியதை நிறுத்தி, இருந்த குழாய்களையே திரும்ப மாட்டிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்க வீடுகளில் இன்ஸ்பெக்டர் வேலையைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் இந்த நினைப்பால்தான். பழையது பொருத்தப்பட்ட காலத்து விதிப்படி அது சரியாக இருந்திருக்கலாம். யாரும் பார்க்காததால் தவறாகவே ஓடிக்கொண்டும் இருந்திருக்கலாம். புதிய ஹீட்டரும் அதன் இணைப்புகளும் இன்றைய விதிக்குப் பொருந்த வேண்டும். ஆகவே பழைய அமைப்பை அப்படியே நகலெடுக்காதீர்கள்.

இங்கே சொல்வது 40, 50 கேலன் டேங்க் வகை ஹீட்டருக்கு. டேங்க் இல்லாத வகைக்கு மாறினால் காஸ் குழாயின் அளவு, வென்ட் (புகை போகும் குழாய்) இரண்டையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். சாதாரண டேங்க் ஹீட்டர் மணிக்கு 40,000 பிடியு (வெப்பத்தின் அளவு) எரிக்கும். பெரிய டேங்க்லெஸ் 199,000 வரை போகும். அரை அங்குலக் குழாய் அதற்குப் பெரும்பாலும் பற்றாது.

முதலில் எந்த கோட் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நாடு முழுவதற்கும் ஒரே பிளம்பிங் கோட் (விதித்தொகுப்பு) கிடையாது. பல மாநிலங்கள் ஐஆர்சி (வீடுகளுக்கான கட்டட விதி), ஐபிசி (பிளம்பிங் விதி) என்ற குடும்பத்தைப் பின்பற்றுகின்றன. கலிஃபோர்னியா, வாஷிங்டன் போன்றவை யூபிசி என்ற வேறொரு பிளம்பிங் விதித்தொகுப்பை அடிப்படையாகக் கொண்டவை. அதன்மேல் மாநிலமும் ஊரும் தங்கள் திருத்தங்களைச் சேர்க்கும். அதனால் பொருள் வாங்கும் முன்பே உங்கள் ஊர் பில்டிங் டிபார்ட்மென்டைக் கூப்பிட்டு நான்கு கேள்வி கேளுங்கள். எந்த கோடின் எந்தப் பதிப்பு நடப்பில் இருக்கிறது? வீட்டுக்காரரே பெர்மிட் எடுத்து வேலை செய்யலாமா, அல்லது காஸ் வேலைக்கு லைசென்ஸ் உள்ளவர்தான் வேண்டுமா? எக்ஸ்பேன்ஷன் டேங்க் (சூடாகி விரியும் தண்ணீரைத் தாங்கும் சிறு டேங்க்) கட்டாயமா? நிலநடுக்கப் பட்டை (ஹீட்டரைச் சுவரோடு கட்டும் பட்டை) கட்டாயமா? ஹீட்டர் மாற்றுவதற்குப் பெர்மிட் ஏறக்குறைய எல்லா ஊரிலும் தேவை.

ஹீட்டரோடு வரும் மேனுவலும் விதியின் ஒரு பகுதிதான். கோட் சொல்வதும் தயாரிப்பாளர் சொல்வதும் வேறுபட்டால், இரண்டில் கடுமையானதைப் பின்பற்றினால் சிக்கல் வராது.

வாங்கும் முன் அளவையும் பாருங்கள். 2015 ஏப்ரலில் வந்த மத்திய அரசின் ஆற்றல் விதிக்குப் பிறகு டேங்க்கைச் சுற்றியுள்ள இன்சுலேஷன் தடித்தது. அதே கேலன் கொள்ளளவுக்குப் புதிய ஹீட்டர் ஓரிரு அங்குலம் பருமனாகவோ உயரமாகவோ இருக்கும். சிறிய அலமாரி அறைக்குள் பழையது நுழைந்தது என்பதால் புதியதும் நுழையும் என்று நம்ப முடியாது.

ரிலீஃப் வால்வும் அதன் குழாயும்

இந்த வேலையில் உயிரோடு நேரடியாகத் தொடர்புள்ளது இதுதான். தெர்மோஸ்டாட் பழுதாகி சூடேறிக்கொண்டே போனால், அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 212 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியும் கொதிக்காமல் தண்ணீராகவே நிற்கும். டேங்க் பிளந்த நொடியில் அழுத்தம் விடுபட்டு, அதில் ஒரு பங்கு சட்டென்று நீராவியாகும். நீராவியாகும் தண்ணீர் சுமார் 1,600 மடங்கு இடத்தைப் பிடிக்கும். அந்த வெடிப்பைத் தடுக்கத்தான் 150 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு) அழுத்தத்திலோ 210 டிகிரியிலோ திறக்கும் ரிலீஃப் வால்வ், டேங்க்கின் மேல் 6 அங்குலத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. பழைய வால்வைப் புதிய டேங்க்கில் ஒருபோதும் மாட்டாதீர்கள்.

வால்வில் தவறு செய்பவர்கள் குறைவு. தவறு எல்லாம் அதன் வெளியேற்றக் குழாயில்தான். குழாயின் விட்டம் வால்வின் வாய்க்குக் குறையக்கூடாது. வீட்டு ஹீட்டரில் அது முக்கால் அங்குலம். வழியில் வால்வோ டி இணைப்போ இருக்கக்கூடாது. முழுக்கக் கீழ்நோக்கிச் சரிந்து தானாக வடிய வேண்டும். டிரெயின் குழாயோடு நேரடியாக இணைக்காமல் காற்று இடைவெளி விட வேண்டும். முடியும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஐஆர்சிப்படி தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. புதிய பதிப்புகளில் குழாயின் விட்டத்தைப்போல் இரு மடங்காவது இடைவெளியும் வேண்டும். யூபிசி ஊர்களில் குழாய் வீட்டுக்கு வெளியே முடிந்தால், தரையிலிருந்து 6 முதல் 24 அங்குலத்துக்குள், வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும்.

பழைய வீடுகளில் அடிக்கடி காணும் ஒரு தவறு: ஹீட்டர் பேஸ்மென்டில், வெளிச்சுவர் வழி உயரத்தில். குழாயை வால்விலிருந்து மேலே ஏற்றி, சுவரைத் தாண்டி வெளியே விட்டிருப்பார்கள். ஒவ்வொரு முறை சொட்டும்போதும் அந்த வளைவில் தண்ணீர் தேங்கும். உப்பு படிந்து வால்வின் இருக்கை இறுகும். திறக்க வேண்டிய நாளில் திறக்காது. வெளியே சரிவாகக் கொண்டுபோக முடியாவிட்டால், அதே அறையில் தரை டிரெயினுக்கு மேலே விடுங்கள்.

குழாயின் நுனியில் மரை இருக்கக்கூடாது. காரணம் எளிது: மரை இருந்தால், சொட்டுகிறது என்று யாராவது ஒருநாள் மூடியைத் திருகிவிடுவார்கள். குழாய்க்குத் தாமிரமோ சிபிவிசியோ (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) சரி. சாதாரண வெள்ளை பிவிசி 140 டிகிரிவரைதான் தாங்கும், ஆகவே கூடாது. பெக்ஸ் (வளையும் பிளாஸ்டிக் குழாய்) போடுவதானால் அதன் ஃபிட்டிங் உள்விட்டத்தைக் குறைத்துவிடும். அதனால் 2018க்குப் பிந்தைய ஐஆர்சி ஓர் அளவு பெரிய குழாயையும், நுனியை அசையாமல் பிடித்து வைப்பதையும் கேட்கிறது.

எக்ஸ்பேன்ஷன் டேங்க்

புது ஹீட்டர் போட்ட சில வாரங்களில் ரிலீஃப் வால்வ் சொட்டினால், வால்வைக் குறை சொல்வதற்கு முன் அழுத்தத்தை அளந்து பாருங்கள். 50 டிகிரியில் வரும் தண்ணீர் 120 டிகிரிக்குச் சூடாகும்போது ஒரு சதவீதத்துக்குச் சற்று அதிகமாக விரியும். 40 கேலன் டேங்க்கில் அது கிட்டத்தட்ட அரை கேலன். முன்பு அந்த அரை கேலன் தெருக்குழாய்க்கே திரும்பிப் போய்விடும். மீட்டர் அருகே தண்ணீரைத் திரும்பவிடாத செக் வால்வ், பேக்ஃப்ளோ பிரிவென்டர், அல்லது அழுத்தம் குறைக்கும் வால்வ் வந்துவிட்டால் திரும்பும் வழி அடைந்துவிடுகிறது. அப்படி மூடிய அமைப்பில் விரிவைத் தாங்க ஏற்பாடு கட்டாயம்.

தோட்டக் குழாயில் மாட்டும் அழுத்த மானி ஒன்று வாங்குங்கள். உச்சத்தைப் பிடித்துக் காட்டும் இரண்டாவது முள் உள்ளதாக இருக்கட்டும். இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். சாதாரண அழுத்தம் 60 இருக்கும்போது உச்ச முள் 120ஐத் தொட்டிருந்தால் அமைப்பு மூடியது என்று அர்த்தம். சாதாரண அழுத்தமே 80 பிஎஸ்ஐயைத் தாண்டினால் முதலில் அழுத்தம் குறைக்கும் வால்வ் போட வேண்டும். அதையும் கோட் கேட்கிறது.

40, 50 கேலன் ஹீட்டருக்கு 2 கேலன் எக்ஸ்பேன்ஷன் டேங்க் பொதுவாகப் போதும். அழுத்தம் அதிகமுள்ள வீட்டில் தயாரிப்பாளரின் அட்டவணையைப் பார்த்துப் பெரியதை எடுங்கள். பலரும் விட்டுவிடும் படி ஒன்று உண்டு. டேங்க்கைக் குழாயில் இணைக்கும் முன், டயர் மானியால் அதன் காற்றழுத்தத்தை அளந்து, வீட்டுத் தண்ணீர் அழுத்தத்துக்குச் சமமாகக் கைப்பம்பால் ஏற்ற வேண்டும். தண்ணீர் ஏறிய பிறகு அளந்தால் அந்த எண் பொய் சொல்லும். குளிர்நீர்க் குழாயில், அடைப்பு வால்வுக்கும் ஹீட்டருக்கும் இடையே வையுங்கள். டேங்க்கையும் ஹீட்டரையும் பிரிக்கும் வால்வ் எதுவும் வேண்டாம். உள்ளிருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்தால் டேங்க் தண்ணீரால் நிரம்பி ஏறக்குறைய 17 பவுண்டு கூடும். குழாயின் தயவில் தொங்கவிடாமல் தனித் தாங்கி கொடுங்கள்.

தண்ணீர் இணைப்பும் டிரெயின் பேனும்

குளிர்நீர் வரும் பக்கம் முழுதாய்த் திறக்கும் வால்வ் வேண்டும். பால் வால்வ் நல்லது. தாமிரம் நேராக எஃகைத் தொட்டால் இணைப்பு அரிக்கும். அதனால் இரண்டு உலோகத்தையும் தொடாமல் பிரிக்கும் டைஎலெக்ட்ரிக் நிப்பிளோ யூனியனோ போடுங்கள். யூபிசி ஊர்களில் ஹீட்டரை ஒட்டிய முதல் 18 அங்குலத்துக்கு பிளாஸ்டிக் குழாய் கூடாது. குடிநீர் தொடும் ஃபிட்டிங் எல்லாம், 2014 ஜனவரி முதல் நடப்பிலுள்ள ஈய விதிப்படி, ஈயமற்றவை என்ற முத்திரையோடு இருக்க வேண்டும். சால்டர் வைப்பதை ஹீட்டருக்கு வெளியே முடித்துவிட்டு அப்புறம் திருகுங்கள். ஹீட்டரிலேயே வைத்துச் சுட்டால் உள்ளே இறங்கும் பிளாஸ்டிக் டிப் குழாய் உருகும்; வெந்நீர் சீக்கிரம் தீர்கிறதே என்று பிறகு காரணம் தேடுவீர்கள்.

கசிந்தால் சேதம் வரும் இடத்தில், அதாவது மாடி, அட்டிக், வீட்டுக்குள் இருக்கும் அலமாரி அறை போன்றவற்றில், ஹீட்டருக்கு அடியில் டிரெயின் பேன் (கசியும் தண்ணீரைப் பிடிக்கும் தட்டு) வேண்டும். குறைந்தது ஒன்றரை அங்குல ஆழம், முக்கால் அங்குல வடிகுழாய். முன்பு வடிகுழாய் இல்லாத இடத்தில் ஹீட்டரை மட்டும் மாற்றினால், புதிய ஐஆர்சி பதிப்புகள் வடிகுழாயைக் கட்டாயப்படுத்துவதில்லை, ஆனால் பேன் வேண்டும். அங்கே கசிவைக் கண்டதும் தண்ணீரை அடைக்கும் தானியங்கி வால்வ் வைப்பது நம் சிபாரிசு. கவனிக்க வேண்டிய வேறுபாடு: ரிலீஃப் வால்வின் குழாயைப் பேனில் விட ஐஆர்சி அனுமதிக்கிறது, யூபிசி தடுக்கிறது.

காஸ், காற்று, வென்ட்

ஹீட்டருக்குக் காஸ் கொண்டுவரும் பழைய வளைகுழாயைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். புதியது 6 அடிக்கு மிகாமல், சுவரையோ தரையையோ துளைத்துப் போகாமல், ஹீட்டர் இருக்கும் அறையிலேயே உள்ள அடைப்பு வால்வோடு சேர வேண்டும். வால்வுக்கும் ஹீட்டருக்கும் இடையே கசடு பிடிக்கும் பொறி தேவை: ஒரு டி, அதன் கீழே 3 அங்குலத்துக்குக் குறையாத நிப்பிள், அடியில் மூடி. காஸ் மேலிருந்து இறங்கி, டியின் பக்கவாய் வழியாக ஹீட்டருக்குத் திரும்ப வேண்டும். டியைப் படுக்கவைத்தால் கசடு நேராக ஹீட்டருக்குள் போகும். இன்ஸ்பெக்டர் தூரத்திலிருந்தே கண்டுகொள்வார்.

எரிவதற்கான காற்றை அறையிலிருந்தே எடுக்கும் ஹீட்டருக்கு 1,000 பிடியுவுக்கு 50 கன அடி என்று இடம் வேண்டும். 40,000 பிடியு ஹீட்டருக்கு 2,000 கன அடி. அதே அறையில் 80,000 பிடியு ஃபர்னஸும் இருந்தால் இரண்டையும் கூட்டி 6,000. அறை சிறியதானால் பக்கத்து அறைக்கு இரண்டு திறப்புகள்; ஒன்று கூரையிலிருந்து 12 அங்குலத்துக்குள், மற்றது தரையிலிருந்து 12 அங்குலத்துக்குள். ஒவ்வொன்றும் 1,000 பிடியுவுக்கு ஒரு சதுர அங்குலம், எப்படியும் 100க்குக் குறையாமல். மரச் சட்டக் கிரில் போட்டால் அதன் பரப்பில் கால்வாசிதான் கணக்கில் சேரும், உலோகமானால் முக்கால்வாசி. படுக்கையறை, குளியலறைக்குள் இந்த வகை ஹீட்டரை வைக்கக்கூடாது. காற்றை வெளியிலிருந்தே எடுக்கும் டைரக்ட் வென்ட் வகைக்கு மாறுவதே நேரான வழி.

வென்ட் இணைப்புக் குழாய் ஓர் அடிக்குக் கால் அங்குலமாவது மேல்நோக்கி ஏற வேண்டும், டிராஃப்ட் ஹுட் (ஹீட்டரின் மேலே புகை வெளியேறும் மூடாக்கு) வாயைவிடச் சிறுக்கக்கூடாது. ஒற்றைச் சுவர்க் குழாயானால் ஒவ்வொரு இணைப்பிலும் மூன்று ஸ்க்ரூ போட்டு, எரியும் பொருளிலிருந்து 6 அங்குலம் தள்ளி வையுங்கள். பி வென்ட்டுக்கு (இரட்டைச் சுவர்க் குழாய்) ஒரு அங்குலம் போதும். முன்பு ஃபர்னஸும் ஹீட்டரும் ஒரே செங்கல் சிம்னியைப் பகிர்ந்து, பிறகு ஃபர்னஸ் மட்டும் தனி பிளாஸ்டிக் வென்ட்டுக்குப் போயிருந்தால் எச்சரிக்கை. தனித்துவிடப்பட்ட ஹீட்டரின் புகையால் அந்தப் பெரிய சிம்னியைச் சூடாக்க முடியாது. ஈரம் படிந்து செங்கல் உதிரும், புகை வீட்டுக்குள் திரும்பும். சிம்னியின் உள்பரப்பு டிராஃப்ட் ஹுட் வாயின் பரப்பைப்போல் ஏழு மடங்குக்கு மேல் போகக்கூடாது. 3 அங்குல வாய் என்றால் சுமார் 49 சதுர அங்குலம். மிஞ்சினால் உள்ளே லைனர் இறக்குங்கள்.

கராஜ், நிலநடுக்கம், மின்சாரம்

கராஜில் தீப்பொறி தரும் பாகம் தரையிலிருந்து 18 அங்குலம் உயரத்தில் இருக்க வேண்டும். பெட்ரோல் ஆவி தரையோடு தவழும். எரியக்கூடிய ஆவியைத் தாங்கும் வகை என்று சான்று பெற்ற ஹீட்டருக்கு இந்த உயரத்திலிருந்து விலக்கு உண்டு, ஆனால் சில ஊர்கள் அப்படியும் மேடை கேட்கும். கார் இடிக்கக்கூடிய இடமானால் இரும்புத் தூண் தேவை. நிலநடுக்கப் பகுதியில் இரண்டு பட்டைகள்: ஒன்று மேல் மூன்றில் ஒரு பாகத்தில், மற்றது கீழ் மூன்றில் ஒரு பாகத்தில், கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு 4 அங்குலமாவது மேலே. பட்டையைப் பிடிக்கும் லேக் ஸ்க்ரூ சுவரின் மரத்தூணில் இறங்க வேண்டும். வெறும் டிரைவாலில் இறங்கினால் பட்டை இருந்தும் இல்லாததுதான்.

மின் ஹீட்டர் 4,500 வாட், 240 வோல்ட் என்றால் 30 ஆம்ப் பிரேக்கர், 10 கேஜ் தாமிரக் கம்பி. பிரேக்கர் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் பூட்டு வசதியோ தனி டிஸ்கனெக்டோ வேண்டும்.

நிரப்புவதும் சோதிப்பதும்

ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்துவைத்து டேங்க்கை நிரப்புங்கள். காற்று கக்குவது நின்று தண்ணீர் சீராக வந்த பிறகே மின்சாரமோ காஸோ. வெறும் டேங்க்கில் கரண்ட் கொடுத்தால் மேல் எலிமென்ட் உடனே எரிந்துபோகும். காஸ் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழ் வருகிறதா பாருங்கள். பேர்னர் 5 நிமிடம் எரிந்ததும், கதவு ஜன்னல்களைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேன்களையும் டிரையரையும் ஓடவிட்டு, டிராஃப்ட் ஹுட் விளிம்பில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். வெளியே தள்ளினால் ஹீட்டரை அணைத்துவிட்டு வென்ட்டைச் சரிசெய்யுங்கள். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம்.

வெப்பத்தை 120 டிகிரியில் வையுங்கள். 140 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலை வேகவைத்துவிடும். அந்த அளவில் வைக்க வேண்டிய காரணம் இருந்தால் ஹீட்டரின் வெளிவாயில் கலக்கும் வால்வ் மாட்டுங்கள்.

இன்ஸ்பெக்டர் வரும்வரை இணைப்புகளைச் சுவர்ப் பலகையாலோ இன்சுலேஷனாலோ மூடாதீர்கள். மேனுவலும் பெர்மிட் தாளும் ஹீட்டர் அருகில் இருக்கட்டும், பெயர்ப்பலகை தெரியும்படி நிறுத்துங்கள். அட்டிக் என்றால் ஏணியைத் தயாராக வைத்து, விளக்கு எரிகிறதா என்றும் ஹீட்டர் முன்னால் 30க்கு 30 அங்குலம் மட்டமான இடம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். படுக்கையறைகளுக்கு வெளியே கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்று பல ஊர்களில் அதே வருகையில் கேட்பார்கள். திருத்தச் சொன்னால் எந்தப் பிரிவின்படி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மறு வருகையில் அந்த ஒன்றைக் காட்டினால் போதும்.