ஸ்டீரியோவில் எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது

வீட்டு ஸ்டீரியோவின் ஒலி மனத்துக்கு நிறைவாக இல்லை என்று தோன்றியதும் மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடைகளுக்குப் புறப்படுபவர்கள், அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை வீட்டிலேயே செலவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள். குறை எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று அறியாமல் வாங்கும் ஆம்ப்ளிஃபயர், அதே குறையோடுதான் பாடும்.

எம்.எஸ். சுப்புலட்சுமி அல்லது மதுரை சோமு பாடிய பழைய மோனோ பதிவு ஒன்றை ஓடவிட்டு, இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சம தூரத்தில் உட்காருங்கள். மோனோவில் இரு பக்கமும் ஒரே ஒலிதான் போகிறது என்பதால், குரல் நடுவில், அங்கே ஒருவர் உட்கார்ந்து பாடுவதைப் போலக் கேட்க வேண்டும். அப்படி நிற்காமல் குரல் அறையெங்கும் கலைந்து, மிருதங்கத்தின் தொப்பி எனப்படும் இடப்பக்கத்தின் கனத்த நாதமும் மெலிந்திருந்தால், ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு, கறுப்பு ஒயர்கள் இடம் மாறியிருக்கக்கூடும். குரல் ஒரு பக்கமாகச் சாய்ந்தால், ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, அதன் பின்புறத்தில் இடது, வலது ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றிப் பொருத்திப் பாருங்கள். குறை அதே ஸ்பீக்கரில் தங்கினால் கோளாறு அந்த ஸ்பீக்கரிலோ அதன் ஒயரிலோ இருக்கிறது. மறுபக்கம் தாவினால் ஆம்ப்ளிஃபயரிலோ பிளேயரிலோ இருக்கிறது.

திருநகரில் எங்கள் வீட்டில் இப்படிச் சோதித்தபோது குறை வலது ஸ்பீக்கரிலேயே தங்கியது. முன்துணியைக் கழற்றி, கீழ்ச்சுருதியை ஒலிக்கும் பெரிய கூம்பான வூஃபரின் ஓரத்தில் இருந்த ஃபோம் வளையத்தை விரலால் தொட்டேன். உளுத்த மரத்தூளைப் போல அது உதிர்ந்து கையோடு வந்தது. ஃபோம் காலப்போக்கில் தானாகவே இற்றுப்போகும் பொருள். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் வளையத்தை மட்டும் மாற்றி ஒட்டியதும் பழைய கனம் திரும்பியது. வால்யூம் குமிழைத் திருப்பும்போது எழும் கரகரப்பும் பெரும்பாலும் தூசிதான். கான்டாக்ட் கிளீனர் தெளித்தால் போதும். விடாத ஹம்மென்ற இரைச்சல் இருந்தால், மின்சாரத்தைச் சீராக்கும் கெப்பாசிட்டர்கள் உலர்ந்திருக்கின்றனவா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள். நம் ஊர் வெயிலில், மூடிய அலமாரிக்குள் வைத்த ஆம்ப்ளிஃபயரில் அவை சீக்கிரமே உலர்கின்றன.

அடுத்தது அறை. டைல்ஸ் தரை, வெறும் சிமெண்டுச் சுவர், கான்கிரீட் கூரை என்று அமைந்த நம் கூடத்தில் நின்று ஒரு முறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய ஓசை கணீரென்று நீண்டால், எவ்வளவு விலையுள்ள ஸ்பீக்கரும் அங்கே தெளிவாக ஒலிக்காது. கோரைப்பாயும் சுங்குடிச் சேலைத் திரையும் மெல்லியவை என்பதால் அதிகம் உதவுவதில்லை; கனமான ஜமுக்காளமும் பஞ்சு மெத்தையும் புத்தகங்கள் நிறைந்த அலமாரியும் உதவும். மூலையில் ஒட்டிக் கிடக்கும் ஸ்பீக்கரை ஒன்றிரண்டு அடி முன்னே இழுத்தாலே கீழ்ச்சுருதியின் வீக்கம் குறையும்.

இவை எல்லாம் முடிந்த பின்னும் குறை இருந்தால் மாற்றுங்கள், முதலில் ஸ்பீக்கரை. ஒலியின் குணத்தை அதிகம் தீர்மானிப்பது அதுதான். 50 வாட் ஆம்ப்ளிஃபயரை 100 வாட்டாக்கினால் கூடுதலாகக் கிடைப்பது, ஒலியளவின் அலகான டெசிபலில் 3 மட்டுமே. காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். அதே 3 டெசிபலை, சென்சிடிவிட்டி, அதாவது ஒரே அளவு மின்சாரத்துக்கு எழுப்பும் ஒலி, 87 டெசிபலுக்குப் பதிலாக 90 உள்ள ஸ்பீக்கர் கூடுதல் வாட் இல்லாமலே தந்துவிடும். ஆனால் ஓம் என்ற மின்தடை அளவையும் பாருங்கள்: 8 ஓம் மட்டுமே தாங்கும் ஆம்ப்ளிஃபயரில் 4 ஓம் ஸ்பீக்கரை இணைக்கக் கூடாது. ஒயருக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. சாதாரண அறைத் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர் போதும்.

கடைக்குப் போகும்போது உங்களுக்கு மனப்பாடமான பதிவையே கொண்டு செல்லுங்கள். ஒப்பிடும் இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள், ஏனெனில் சற்று உரக்க ஒலிப்பதையே நம் காது நல்லதென்று நம்பிவிடும். வாங்கி வந்தபின் பழைய ஸ்பீக்கரை உடனே விற்றுவிடாதீர்கள். ஒரு மாதம் கழித்து அதை மீண்டும் மாட்டி, அதே மோனோ பதிவை அதே இடத்தில் உட்கார்ந்து கேட்ட பிறகு, எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யுங்கள்.