கடற்கரை ஊரில் பழைய கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? பேட்டரி வாங்கும் முன் எர்த் ஒயரைப் பாருங்கள்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில் எங்கள் வீடு. வாசலில் நிற்பது 1998 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலமே துருவுக்குத் தாங்காமல் போய், 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றுபோனது. அதே உப்புக்காற்றுதான் நம் பானெட்டுக்குள்ளும் புகுந்து வருகிறது. அதனால் நம் பக்கம் கார் மக்கர் செய்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஒயர் இணைப்புகளைத்தான்.

சாவியைத் திருப்பி, காது கொடுங்கள்

கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு சாவியைத் திருப்புங்கள். "டிக் டிக் டிக்" என்று வேகமாகத் துடித்தால் இன்ஜினைச் சுழற்றிவிடும் செல்ஃப் மோட்டாருக்குப் போதுமான கரண்ட் போகவில்லை. ஒரே ஒரு "டக்" கேட்டு அடங்கினால் செல்ஃப் மோட்டாரிலோ, அதற்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்சான சோலனாய்டிலோ கோளாறு இருக்கலாம். ஆனாலும் முதலில் இணைப்புகளைப் பார்த்துவிடுங்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

பேட்டரி டெர்மினல் (ஒயர் மாட்டும் முனை)

பத்தாம் நம்பர் ஸ்பானர் போதும். மைனஸை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். மைனஸ் இருக்கும்போது பிளஸைக் கழற்றினால், ஸ்பானர் பாடியில் பட்டதும் தீப்பொறி பறக்கும். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பதை வெறும் கையால் தொடாதீர்கள். வெந்நீரில் இரண்டு ஸ்பூன் ஆப்பசோடா கலந்து மெதுவாக ஊற்றினால் சீறி நுரைத்துக் கரையும். பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடாத் தண்ணீர் உள்ளே போகக்கூடாது. துடைத்துக் காயவிட்டு, உப்புத்தாளால் ஈயம் மின்னும்வரை தேய்த்து இறுக்குங்கள். மேலே வாசலின் பூசுங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் போட வேண்டும்.

எர்த் ஒயர்

இங்கேதான் நான் பணத்தை விட்டேன். ஒரு ஐப்பசி மழைக்காலத்தில் வண்டி "டிக் டிக்" என்றது. பேட்டரி போய்விட்டது என்று ஒரு கடையில் சொன்னதை நம்பிப் புதிதாக வாங்கினேன். மூன்றாம் நாள் மறுபடியும் அதே சத்தம். மைனஸிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் தடித்த எர்த் ஒயரை விரலால் அழுத்தியபோது, உறைக்குள் அப்பளம் நொறுங்குவதுபோல் நறநறத்தது. உறையைக் கீறினால் உள்ளே பச்சைப் பொடி. செம்பு இழைகளில் பாதிகூட மிச்சமில்லை. வெளியிலிருந்து பார்த்தால் நல்ல ஒயர்!

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும், மறுமுனையை இன்ஜினில் பெயிண்ட் இல்லாத இரும்பிலும் கவ்வவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கேபிள் போகக்கூடாது. செல்ஃப் இப்போது வேகமாகச் சுற்றினால் எர்த் ஒயர்தான் குற்றவாளி. அதை மாற்றும்போது போல்ட் உட்காரும் இடத்துத் துருவையும் சுரண்டிவிடுங்கள்; துருவின் மேல் புது ஒயரை முடுக்கிப் பயனில்லை.

செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் இன்ஜின் நனைந்துவிட்டது. பத்து நிமிடம் விட்டு, சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தபடியே ஐந்து விநாடி செல்ஃப் அடியுங்கள். பம்ப் செய்யாதீர்கள். வாடையே இல்லையென்றால் டேங்க்கில் பெட்ரோல் இருக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கார்புரேட்டர் இல்லாத வண்டியில் சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுப் பக்கம் "உய்ங்" என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்க வேண்டும்; கேட்காவிட்டால் அதன் ஃபியூஸைப் பாருங்கள்.

மார்கழிப் பனியில் மட்டும் காலையில் அடம்பிடிக்கிற வண்டிக்கு, பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஈரம் கோத்திருக்கும். பருத்தித் துணியால் துடைத்து, அரைமணி நேரம் வெயிலில் வையுங்கள். உள்முனைகளில் பொடி பூத்திருந்தால் லேசாகச் சுரண்டிவிடுங்கள்.

வண்டி பிடித்ததும் மீட்டரை மறுபடி பேட்டரியில் வையுங்கள். 13.8-லிருந்து 14.4 வரை காட்ட வேண்டும். 13-ஐத் தாண்டவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. இன்ஜினை அணைக்காமல் அப்படியே மெக்கானிக்கிடம் ஓட்டிப் போங்கள்.