பழைய லுவோ புகைப்படத்தில் அந்தஸ்தை அறிவது எப்படி

முதலில் படக்குறிப்பைச் சரிபாருங்கள். காலனிக் காலத்தில் ‘காவிரோண்டோ’ என்ற பெயர் மேற்குக் கென்யாவின் லுவோ மக்களுக்கும் அண்டையிலிருந்த லூயா மக்களுக்கும் பொதுவாக வழங்கியது. அந்தச் சொல்லை மட்டும் நம்பினால் ஆளே மாறிவிடும். விக்டோரியா ஏரிக்கரையில் எந்த இடம், எந்த ஆண்டு என்பது கிடைத்த பிறகே உடையைப் பாருங்கள்.

பெண் படமென்றால் இடுப்பின் பின்புறம்தான் முக்கியம். மணமான பெண் அங்கே நாரால் செய்த ‘சியெனோ’ என்னும் வால்போன்ற தொங்கலை அணிவது வழக்கமாக இருந்தது. நேர்முகமாக எடுத்த படத்தில் அது தெரியாது; தெரியவில்லை என்பதற்காக ‘மணமாகாதவள்’ என்று எழுதிவிடாதீர்கள். பக்கவாட்டுப் படம் இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான்.

ஆண்களுக்குத் தலையலங்காரம். தீக்கோழி இறகும் நீர்யானைத் தந்தமும் சேர்ந்த தலையணி போர்வீரருக்கும் பெரியவர்களுக்கும் உரியது. ஆனால் கேமராவுக்காக இரவல் வாங்கிப் போட்டதாகவும் இருக்கலாம். அதே தலையணி வேறொருவர் தலையிலும் வருகிறதா என்று தொகுப்பு முழுவதையும் ஒப்பிடுங்கள். பாசிமணி கோத்த தொப்பியும் கையில் ஈவிரட்டியும் மூப்பின் அடையாளங்கள். விடுதலைக்குப் பிறகும் லுவோ அரசியல் தலைவர் ஒகிங்கா ஒடிங்கா இவற்றை அரசியல் மேடைக்குக் கொண்டுவந்தார்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் மணியின் நிறத்தை ஊகிக்காதீர்கள். பழைய ‘ஆர்த்தோகுரோமேட்டிக்’ வகைப் புகைப்படத் தகடுகள் சிவப்பொளியைப் பதியாது: சிவப்பு மணி கறுப்பாகவும் நீலமணி வெளிறியும் விழும். நிறத்தை அருங்காட்சியகத்திலுள்ள அசல் பொருளோடு ஒப்பிட்டே எழுதுங்கள்.